ரதி தீ வைக்கச் சொன்ன நாள்

எங்கள் குடும்பத்தில் தோட்டத்துத் துரையிடமிருந்து பரிசாகச் சேலை வாங்கிய ஒரே ஆள் என் அப்பாதான். இதைச் சொன்னால் நான் இட்டுக்கட்டுவதாக நினைத்து என் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பா நல்ல உயரம். கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் கையை நீட்டித்தான் பூப்போட்ட சேலையை வாங்கிக்கொண்டார். வெட்கப்பட்டது அப்பா இல்லை, கொடுக்க வந்த கணக்கப்பிள்ளைதான்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் அது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அந்த வருடம் தை மாதத்துப் பனி கடுமையாக விழுந்தது. காலையில் புல் நுனியெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் அதே புல் கருகித் தலை சாய்ந்துவிடும். மாசி பிறந்தபோது மலையில் பச்சை என்று சொல்லத் தேயிலை மட்டும்தான் மிச்சம் இருந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயில் தண்ணீர் நூல் போல இறங்கியது. ஒரு வாளி நிறைவதற்குள் பெண்கள் சண்டை பிடித்து, சமாதானமும் ஆகிவிடுவார்கள். வெளியில் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது என்று துரை உத்தரவு போட்டிருந்தார். பீடிக் கட்டையைக்கூட மிதித்து அணைத்துவிட்டுத்தான் போகவேண்டுமாம். காலையில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அந்த உத்தரவை வாசித்த கணக்கப்பிள்ளை, வாசித்த கையோடு ஒரு சுருட்டைப் பற்றவைத்தார் என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார்.

பயப்படக் காரணம் இருந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களிலிருந்து தள்ளி, மலையின் தோள்பக்கத்தில் தனியாக நின்றது. பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று முந்தைய துரை ஒருவர் அங்கே கட்டவைத்தாராம். காற்றுக்குக் குறைவே இல்லை. கீழே ரோட்டு வரைக்கும் சரிவு முழுக்க ஆள் உயர மானாப்புல். மேலே அப்போதுதான் கவ்வாத்து வெட்டிய தேயிலை. வெட்டிப்போட்ட வாதுகள் காய்ந்து சருகாகக் கிடந்தன. லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் புல்லுக்குள்தான் போனது. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே இரண்டு ஆள் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, நெருப்பு தாண்டாதபடி வெறும் தரையாக விடுவார்கள். அந்த வருடமும் செதுக்கினார்கள். ஒரு ஆள் அகலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் காமன் கூத்து வந்துவிட்டது.

மாசியில் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றிவிட்டால், பௌர்ணமி வரைக்கும் தோட்டத்துக்கு வேறு நினைப்பே கிடையாது. மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும். தவத்தைக் கலைத்த குற்றத்துக்காகச் சிவன் மதனை நெற்றிக்கண்ணால் எரிப்பார். உயிரைக் கொண்டுபோக எமன் வருவார். ரதி அழுது புரண்டு புருஷனின் உயிரைக் கேட்பாள். எரிக்கிற அன்று மாலையில் ரதியும் மதனும் லயம் லயமாக வீட்டு வாசலுக்கு வருவார்கள், முன்னால் தப்பு முழங்கிக்கொண்டு வரும், பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருப்பார்கள். அந்தக் கூத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். அந்த வருடம் அப்பா ரதி. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சிவன்.

ரதிக்காக அப்பா மீசையை எடுத்தார். அடையாளம் தெரியாமல் என் தம்பி இரண்டு நாள் அவரிடம் போகவில்லை. தம்பி அப்போது தவழ்கிற பிள்ளை. மீசை போனது பெரிய விஷயமில்லை, ரதிக்கு நல்ல சேலை வேண்டுமே. லயத்தில் நல்ல சேலை என்பது வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், அதுவும் தகரப்பெட்டியின் அடியில் இருக்கும். அம்மாவுடைய கல்யாணக் கூறைச் சேலை அரக்கு நிறம். அதை அப்பா கேட்டபோது அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள், அவ்வளவுதான். பிறகு ஒரு காலையில் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அப்பாவையும் மாமாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்தாள்.

"சேலையில ஒரு பொறி பட்டுச்சுன்னா, இவன் நெத்திக்கண்ணத் தெறக்கறதுக்கு முந்தி நான் தெறப்பேன். பாத்துக்கங்க."

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அம்மாவை நன்றாகத் தெரியும்.

மதனை எரிக்கும் நாள் வந்தது. கூத்துக்காரர்களுக்கு மட்டும் வேலையிலிருந்து விடுதலை, மற்றவர்கள் வழக்கம்போல மலைக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். தம்பிக்குப் பல் முளைக்கிற நேரம், நான் ஆட்டினால்தான் தூங்குவான். கூரைக் கட்டையில் வரிசையாகத் தொட்டில் சீலைகள் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. பார்த்துக்கொள்ள ஆயாம்மா என்று ஒருத்தி இருந்தாள். எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலும் அதன் தாயைத்தான் திட்டுவாள். எனக்கு அவளைக் கண்டால் நடுக்கம்.

முதலில் மணம்தான் வந்தது. எவளோ சோற்றைத் தீயவிட்டுவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே ஆயாம்மா வாசலுக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். நானும் போய்ப் பார்த்தேன். கீழே ரோட்டோரத்தில் புகை எழும்பி, காற்றோடு சாய்ந்து எங்கள் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. யார் வைத்த நெருப்பு என்று பிறகும் யாரும் விசாரிக்கவில்லை. மழைக்கு முன்னால் புல்லைக் கொளுத்திவிட்டால் மாட்டுக்கு இளம்புல் கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் எல்லாப் பக்கமும் இருந்தார்கள். எங்கள் லயத்திலும் மாடுகள் இருந்தன.

மானாப்புல் எரிகிற சத்தம், தகரத்தில் பெருமழை கொட்டுகிற சத்தம் போலவே இருக்கும். மழைதான் வந்துவிட்டது என்று எனக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

ஆயாம்மா இடுப்பில் இரண்டும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்கினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். புகைக்குப் பயந்து திரும்பினாளா, உள்ளே தொங்குகிற மற்றப் பிள்ளைகளை நினைத்துத் திரும்பினாளா என்று எனக்குத் தெரியாது. வந்தவள் பிள்ளைகளை எல்லாம் தரையில் இறக்கி, தொட்டில் சீலைகளை அவிழ்த்து, இருந்த ஒரு வாளித் தண்ணீரில் முக்கினாள். என்னைப் பார்த்து, "நீ ஒன் தம்பியத் தூக்கிக்க. வேற எதையும் பாக்காத" என்றாள். அன்றைக்கு அவள் என்னைத் திட்டாமல் பேசியதுதான் எனக்கு முதன்முதலாகப் பயத்தைக் கொடுத்தது.

அப்போது தூரத்தில், காமன் கம்பம் ஊன்றிய பொட்டலிலிருந்து, தப்புச் சத்தம் கேட்டது. தப்புக்காரர் புகையைப் பார்த்துவிட்டார். ஆபத்துக்கு அடிக்கிற அடி தனி. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் அடிப்பார்கள். மற்ற நாளாக இருந்தால் மொத்தத் தோட்டமும் ஓடிவந்திருக்கும். ஆனால் பிறை கண்ட நாளிலிருந்து காலையும் மாலையும் விதம் விதமாகத் தப்புக் கேட்டுக் கேட்டு, எல்லோர் காதுக்கும் அது பழகிப்போயிருந்தது. அம்மாவும் மற்றப் பெண்களும் மலையின் மறுபக்கத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே புகை தெரியாது, தப்பு மட்டும் தெளிவாகக் கேட்கும். ரதியும் மதனும் இன்றைக்கு நேரத்தோடேயே கிளம்பிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். ரதியின் பெண்சாதி என்று அம்மாவைக் கேலி செய்தார்களாம். அம்மாவும் விடாமல் பதில் கொடுத்துக்கொண்டு, தப்பின் வேகத்துக்குக் கையை ஓட்டி, என்றைக்கும் பறிக்காத அளவு கொழுந்து பறித்திருக்கிறாள். லயத்தில் இருந்தவர்களோ ஆரத்திக்கு மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, அந்தத் தப்புக்கு ஓடிவந்தது அதன் பக்கத்தில் நின்றவர்கள் மட்டும்தான்.

பாதைப் புகைக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தவர் எமன். முகத்தில் பாதிதான் கரி பூசியிருந்தது. அடுத்து மதன், அட்டைக் கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அதற்குப் பின்னால் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் சலங்கை குலுங்க, என் அப்பா. கடைசியாக மாமா, உடம்பெல்லாம் நீலம், கழுத்தில் துணிப் பாம்பு. கையில் ராத்திரிக்கென்று எண்ணெயில் ஊறவைத்திருந்த பந்தம். அவர்கள் வந்து சேர்ந்த சற்று நேரத்தில் நெருப்பு பாதையைத் தாண்டிவிட்டது. இனி வந்த வழியில் திரும்ப முடியாது.

அப்பா கீழே வருகிற நெருப்பைப் பார்த்தார். செதுக்கிவிட்ட தரையைப் பார்த்தார். அந்த நெருப்புக்கு அது ஒரு எட்டுத்தான். அப்புறம் மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

"வைய்யி மாப்புள. இங்கேருந்தே வைய்யி."

"கைப்புள்ளைக உள்ள இருக்குதுங்க மச்சான்."

"அதுக்குத்தான் சொல்றேன். வைய்யி."

ஒத்திகை பார்த்துப் பார்த்து அந்தக் கூத்து எனக்கே பாடமாகியிருந்தது. சிவனின் காலைப் பிடித்து, எரிக்காதே, எரிக்காதே என்று கெஞ்சுவதுதான் ரதியின் வேலை. இங்கே ரதியே எரிக்கச் சொல்கிறாள். சிவனும் எமன் மடியிலிருந்த தீப்பெட்டியை வாங்கிப் பந்தத்தைக் கொளுத்தி, செதுக்கிய தரையின் ஓரத்தில் புல்லுக்கு வைக்கிறார். பின்னால் நானும் தம்பியும் நிற்கிறோம். மாமா என் கையில் எத்தனையோ முறை சீனி முட்டாய் கொடுத்த மாமாதான். ஆனால் நீல முகத்தோடு அவர் நெருப்பு வைத்துக்கொண்டே நடந்தபோது, அது மாமா என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கையால் தம்பியை அணைத்துக்கொண்டு ஓடிப்போய், அவர் இடுப்பில் கட்டியிருந்த புலித்தோல் சாக்கைப் பிடித்து இழுத்து, கையை நன்றாகக் கடித்துவிட்டேன்.

"ஆத்தாடி" என்று கத்தினார் மாமா. பந்தத்தை விடவில்லை.

எதிரே வருகிற நெருப்புக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டால் அது நின்றுபோகும். நாம் வைக்கிற நெருப்பு சரிவில் கீழே மெதுவாகத்தான் இறங்கும், அது மேலே தாவாமல் அடித்துக்கொண்டு நின்றால் போதும். தோட்டத்தில் எல்லா ஆண்களுக்கும் இது தெரியும். எனக்குத்தான் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சவுக்குக் கிளைகளை ஒடித்தும், ஆயாம்மா நனைத்துக் கொடுத்த தொட்டில் சீலைகளாலும் அடித்தார்கள். செதுக்கிய தரையைத் தாண்டி ஒரு பொறி விழுந்தால் எமன் ஓடுவார், அடுத்தது விழுந்தால் மதன். அப்பாவின் சேலைக் கொசுவத்தில் தீப் பிடித்தது. கையாலேயே அடித்து அணைத்தார். மறுபடி முந்தானையில் பிடித்தது. இந்தத் தடவை அதைக் கிழித்தெடுத்து, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் தோய்த்து, அதைக்கொண்டே நெருப்பை அடிக்கத் தொடங்கினார். அதைப் பார்த்தபோது எனக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. நெருப்பால் இல்லை. அம்மாவிடம் இதை யார் சொல்வது என்று நினைத்தேன்.

இரண்டு நெருப்பும் நடுச்சரிவில் சந்தித்தன. ஒரு முறை மரம் அளவுக்கு எழும்பின. பிறகு ஒன்றுமில்லை. மழைச் சத்தம் நின்றுவிட்டது. சரிவு முழுக்கக் கறுப்பாகப் புகைந்துகொண்டு கிடந்தது. பிள்ளைக்காம்பராவின் சுவரில் புகை படிந்ததைத் தவிர வேறு சேதமில்லை. அந்தச் சத்தத்துக்கெல்லாம் அழாத பிள்ளைகள், சத்தம் நின்றதும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கின. அந்த அழுகையைக் கேட்டு ஆயாம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ரோட்டில் லொறியை நிறுத்திவிட்டுச் சிங்கள ஆட்கள் இரண்டு பேர் கரித்தரை வழியாக மேலே ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவர் புகைக்கு நடுவில் சிவனைக் கண்டதும் நின்றார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான், இன்னும் புகைகிற புல்லை அடிக்க ஒரு கிளையை ஒடித்தார். "லமய் இன்னவாத?" என்று பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டு, மாமா ஆமென்று தலையாட்டியதும் உள்ளே வந்து ஆளுக்கு இரண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். பிள்ளைகளை லயத்துக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கு எரியவேண்டிய மதன், இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளையோடு எரிந்த தரையில் முன்னால் நடந்து போனான்.

துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. கறுத்த சரிவைப் பார்த்தார், சிவனைப் பார்த்தார், எமனைப் பார்த்தார். கந்தலான சேலையோடு முதுகைக் காட்டி நின்று, இன்னும் புகைந்த புல்லை அடித்துக்கொண்டிருந்த அப்பாவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். கணக்கப்பிள்ளையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, "யெஸ் சார்" என்றார். அந்தப் பெண்பிள்ளையின் துணிச்சலைத் துரை மெச்சினார் என்றும், அவளுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுக்கச் சொன்னார் என்றும் பிறகுதான் தெரிந்தது. துரை சொன்னது தவறென்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். தூரத்திலேயே அவர்களுடைய சிரிப்புக் கேட்டது. மலை வளைவில் திரும்பியதும் சிரிப்பு நின்றது. பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே சரிவு இருந்த இடத்தில் கறுப்பு. கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அம்மா மட்டும் கூடையைப் போட மறந்து கூடையோடேயே வந்தாள். லயத்து வாசலில், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்குச் சாக்குகளை விரித்துப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்திருந்தோம். எல்லா முகமும் கரி. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா தம்பியைத் தூக்கி, கை, கால், காது என்று தடவிப் பார்த்தாள். அவன் முளைக்கிற பல்லைக் காட்டிச் சிரித்தான். என்னையும் இழுத்துத் தலையைத் தடவினாள்.

இனிமேல்தான் இருக்கிறது என்று நான் காத்திருந்தேன். அப்பா பாதிச் சேலையோடு எதிரில் நின்றார். மாமா அவருக்குப் பின்னால் ஒதுங்கினார். நெற்றிக்கண் திறக்கப்போகிறது என்று நினைத்தேன். அம்மா சேலையைப் பார்த்தாள்.

"வேட்டியக் கட்டுங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

அவ்வளவுதான். என்னால் நம்ப முடியவில்லை. மாமாவுக்கு அதில் துணிச்சல் வந்து, பல் பதிந்த கையை நீட்டினார். "நெருப்பால ஒண்ணும் ஆகலக்கா. ஒன் மக கடிச்சதுதான்." எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தப்புக்காரரிடம் திரும்பி, எப்போது தப்பு அடித்தீர்கள் என்று கேட்டாள்.

"பொகையப் பாத்த ஒடனேயே அடிச்சேன் தங்கச்சி. கை ஓயிற வரைக்கும் அடிச்சேன். மலையில கேக்கலியா?"

"கேட்டுச்சு" என்றாள் அம்மா. தம்பியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கூத்தை அரைகுறையாக விட்டால் ஆகாது என்று துரையிடம் கெஞ்சி, அன்று ராத்திரியே சுற்றிலும் வாளிகளில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு பிடி வைக்கோலில் மதனை எரித்து முடித்தார்கள். சிவனுக்குப் புருவம் கருகிப்போயிருந்தது. ரதி யாரோ கொடுத்த பழஞ்சேலையில் வந்தாள். புருஷனை இழந்து அழவேண்டிய இடத்தில் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எவ்வளவு முயன்றும் அடக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மதன் எங்கள் தோட்டத்தில் எரிந்ததில்லை. அடுத்த வாரம் கணக்கப்பிள்ளை சேலையோடு வந்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக் கும்பிட்டு அவரை விரட்டினார். அம்மா அதைக் கட்டிக்கொண்டு திரிந்து, துரை கொடுத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அடுத்த மாசியில், காமன் கூத்துக்கு முதல் தப்பு முழங்கியபோது, அம்மா கொழுந்துக் கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு மலையைச் சுற்றி நடந்து வந்தாள். பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாளும் அப்படியே. கங்காணி ஏசினார், அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேர் போடுவேன் என்றார். அம்மா கேட்கவில்லை. தம்பி வளர்ந்து என்னோடு பள்ளிக்கூடம் வரத் தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. மற்றப் பெண்கள் கேலி பேசினார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"தம்பிதான் எங்கூட இஸ்கூல்ல இருக்கானே. அங்க யாரப் பாக்கப் போறம்மா?"

"சும்மாதான்" என்றாள். "எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்."

வாசலில் நின்று தொட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். எல்லாம் வேறு யார் யாரோ பெற்ற பிள்ளைகள். பார்த்து முடித்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலைக்குப் போவாள். தப்பு அடிக்கிற இடத்தில் கூத்துத்தானே நடக்கிறது, இந்த அம்மா எதற்காக இவ்வளவு நிம்மதியோடு திரும்பிப் போகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை.